வானதூதர்கள் ஏன் கடவுளை எதிர்த்தார்கள்?

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் மிக்கேல் அதிதூதரின் சுரூபத்தைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. ஓங்கிய வலக்கையில் வாளோ ஈட்டியோ இருக்கும். இடக்கையில் தராசு தொங்கும். காலடியில் கொம்பும் வௌவால் சிறகுமாக ஓர் உருவம் மல்லாந்து கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் 29ஆம் நாள் திருவிழாவை ஒட்டிய மறைக்கல்வி வகுப்பில் அந்தச் சுரூபத்தைக் காட்டி, "கீழே கிடக்கிறவனும் முதலில் ஒரு சம்மனசுதான்" என்று சொன்னேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே எழுந்து, "மோட்சத்தில் இருந்தவனுக்கு என்ன குறைச்சல் சார்?" என்று கேட்டாள்.

பெரிய இறையியலாளர்களை எல்லாம் உட்காரவைத்து யோசிக்கச் செய்த கேள்வி அது. ஆனால் நம்மிடையே அதற்குப் புழங்கும் பதில்கள் பெரும்பாலும் அவசரப் பதில்கள். பதவி ஆசை என்பார் ஒருவர். ஆதாமை வணங்க மறுத்தான் என்பார் இன்னொருவர். பரலோகப் பாடகர் குழுவுக்குத் தலைவனாக இருந்தவன், தன் குரலில் தானே மயங்கிப்போனான் என்று பிரசங்கத்தில் கேட்டவர்களும் உண்டு. இவை எங்கிருந்து வந்தன, கிறிஸ்தவ மரபு உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கத்தோலிக்கர் இன்று வானதூதர் என்றும், பழைய செபங்களில் சம்மனசு என்றும், மற்றச் சபையினர் தேவதூதர் என்றும் சொல்வது ஒரே படைப்பைத்தான். இக்கட்டுரையில் சுருக்கமாகத் தூதர் என்கிறேன்.

## வேதாகமம் சொல்வதும் சொல்லாததும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தூதர்களின் வீழ்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் அதிகாரம் எதுவும் வேதாகமத்தில் இல்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் தூதர்கள் படைக்கப்பட்டதைக்கூடச் சொல்வதில்லை. மூன்றாம் அதிகாரத்தில் சர்ப்பம் வரும்போது அது ஏன் கெட்டது என்ற விளக்கமும் இல்லை. நமக்குக் கிடைப்பவை இங்கொன்றும் அங்கொன்றுமான வரிகள்.

அவற்றில் மிகவும் பெயர்பெற்றது ஏசாயா 14ஆம் அதிகாரம். "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே!" என்ற வரி அங்கேதான் வருகிறது. அந்தப் பாடல் பாபிலோன் ராஜாவின் வீழ்ச்சியைப் பற்றியது என்று அதே அதிகாரத்தின் நான்காம் வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. விடிவெள்ளி என்ற எபிரெயச் சொல்லை லத்தீனில் 'ஒளி கொண்டுவருவது' என்று பொருள்படும் 'லூசிபர்' என்ற சொல்லால் மொழிபெயர்த்தார்கள். பின்னாளில் அதுவே சாத்தானின் பெயராகிவிட்டது. தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயர் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசுவே தம்மை "பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம்" என்று சொல்லிக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விடிவெள்ளி என்பது பிசாசின் சொந்தப் பெயர் அல்ல என்பது விளங்கும்.

அடுத்தது எசேக்கியேல் 28, தீரு பட்டணத்து ராஜாவைப் பற்றிய புலம்பல். "உன் அழகினால் உன் இருதயம் மேட்டிமையாயிற்று" என்பது அதில் வரும் வரி. பாடகர் குழுத் தலைவன் கதையின் வேரும் இங்கேதான் இருக்கிறது. நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் மொழிபெயர்ப்பு "உன் மேளவாத்தியங்களும் உன் நாகசுரங்களும்" ஆயத்தமாயிருந்தன என்கிறது. அதைக் கேட்கிறவரின் மனக்கண்ணில் ஒரு கச்சேரியே விரிந்துவிடும். மூலத்தில் உள்ள அந்த எபிரெயச் சொற்கள் பொருள் காண்பதற்குக் கடினமானவை. அதே வசனத்தின் முற்பகுதி இரத்தினங்களை வரிசையாகச் சொல்வதால், பிற்கால மொழிபெயர்ப்புகள் பல அவற்றைக் கல் பதிக்கும் பொன் வேலைப்பாடாகக் கொள்கின்றன. மோட்சத்துச் சங்கீத வித்துவான் என்ற படம் முழுவதும் இந்த ஒரு வசனத்தின் மேல் கட்டப்பட்டது.

அப்படியானால் இவ்விரு பகுதிகளையும் சாத்தானோடு இணைப்பது தவறா? மூன்றாம் நூற்றாண்டின் ஓரிஜன் முதலே திருச்சபையின் ஆசிரியர்கள், ஒரு மன்னனுக்குச் சொன்னது அந்த மன்னனைவிடப் பெரிய ஆணவம் ஒன்றையும் சுட்டுகிறது என்று அவற்றை வாசித்திருக்கிறார்கள். அது மரபு வழிவந்த வாசிப்பு. நேரடியான கூற்று வேண்டுமென்றால் புதிய ஏற்பாட்டின் சில சிறு வரிகளுக்குத்தான் போக வேண்டும். பாவஞ்செய்த தூதர்களைக் கடவுள் தப்பவிடவில்லை என்கிறது இரண்டாம் பேதுரு. அவர்கள் "தங்களுடைய ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல்" தங்கள் வாசஸ்தலத்தை விட்டுவிட்டதாக யூதா நிருபம் சொல்கிறது. பிசாசு "சத்தியத்திலே நிலைநிற்கவில்லை" என்கிறார் யோவான் நற்செய்தியில் இயேசு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணியாக வைக்க வேண்டாம், அவர் இறுமாப்படைந்து பிசாசு அடைந்த தண்டனையில் விழக்கூடும் என்று முதலாம் தீமோத்தேயு எச்சரிக்கிறது. காரணம் இறுமாப்பு என்பதற்கு இந்த வரி முக்கியமான சான்று.

மிக்கேலும் அவருடைய தூதர்களும் வலுசர்ப்பத்தோடு போரிடும் காட்சி வெளிப்படுத்தின விசேஷம் 12இல் வருகிறது. வானத்து நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்ததாகச் சொல்வதும் அங்கேதான். தூதர்களில் மூன்றிலொரு பங்கினர் விழுந்தார்கள் என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. ஆனால் அந்த அதிகாரத்தில் போர் நடப்பது குழந்தை பிறந்து கடவுளிடம் எடுத்துக்கொள்ளப்பட்ட பின்புதான். ஆகவே உலகத் தொடக்கத்துச் செய்தியாக அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லும் உரையாசிரியர்கள் பலர் உண்டு.

ஆதாமை வணங்க மறுத்த கதை திருக்குர்ஆனில் இப்லீஸைப் பற்றிச் சொல்லப்படுவது. ஆதாம் ஏவாளைப் பற்றிய வேதாகமத் தொகுப்பில் சேராத ஒரு பழைய நூலிலும் அதைப் போன்ற கதை உண்டு. கிறிஸ்தவ வேதாகமத்தில் அது இல்லை. ஆதியாகமம் 6இல் "தேவகுமாரர்" மனுஷகுமாரத்திகளை மணந்ததை வைத்து, தூதர்கள் இச்சையால் விழுந்தார்கள் என்று சொல்லும் ஏனோக்கு நூலை எத்தியோப்பியத் திருச்சபை வேதமாகவே ஏற்கிறது. தொடக்க நூற்றாண்டுகளில் மற்ற இடங்களிலும் அந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. பின்பு பெரும்பாலான சபைகள் அதைக் கைவிட்டன.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: சில தூதர்கள் பாவம் செய்து விழுந்தார்கள் என்று வேதாகமம் சொல்கிறது, இறுமாப்பைக் காரணமாகக் காட்டுகிறது, அது எப்படி நிகழ்ந்தது என்பதை விவரிக்கவில்லை. அந்த 'எப்படி'யைத்தான் பிற்காலத்தவர் சிந்தித்தார்கள்.

## மனிதன் தவறும் வழிகள் தூதருக்கு இல்லை

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். பாயசம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இலையில் இரண்டாம் கரண்டி விழுகிறது. ஏன்? அதில் வெல்லம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் நாக்கு இழுத்திருக்கலாம். "ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது, மாமா" என்று பக்கத்து இலைக்காரர் வற்புறுத்தியிருக்கலாம். அறியாமை, உடலின் இழுப்பு, பிறருடைய தூண்டல் ஆகிய மூன்று வழிகளில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம்.

தூதர் என்பவர் கிறிஸ்தவக் கோட்பாட்டின்படி உடலற்ற ஆவி. அறிவும் விருப்பமும் மட்டுமே உள்ள தனிநபர். பசி, களைப்பு, காமம் எதுவும் அவருக்கு இல்லை. நம்மைப் போலத் தட்டுத்தடுமாறிக் கற்பவரும் அல்லர். முதலில் விழுந்தவனைத் தூண்ட வேறு பிசாசும் அப்போது இல்லை. ஆக, மூன்று வழிகளும் அடைபட்டிருக்கின்றன. இதனால்தான் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினா, ஆவியாகிய தூதர் செய்யக்கூடிய பாவங்கள் இரண்டே, ஒன்று ஆணவம், அதிலிருந்து பிறக்கும் பொறாமை மற்றொன்று என்று வரையறுத்தார். மற்றப் பாவங்களுக்கெல்லாம் உடலின் தேவை ஏதாவது வேண்டும்.

## தீமை ஒரு பொருளா?

அடுத்த சிக்கல், நல்லவரான கடவுள் படைத்த நல்ல தூதருக்குள் தீமை எங்கிருந்து நுழைந்தது என்பது. தீமைக்கென்று தனி ஊற்று இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. இடைக்காலத்தில் தெற்குப் பிரான்சில் இருந்த காத்தார்கள் என்ற சமயக் குழுவினர் நல்ல தெய்வம் ஒன்று, தீய சக்தி ஒன்று என்று இரண்டு மூலங்களை நம்பினார்கள். நம்மிலும் பலர் கடவுளுக்கு எதிரே சாத்தானை ஏறக்குறைய சமபலமுள்ள எதிராளியாக நிறுத்துகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இது முற்றிலும் ஒவ்வாதது.

பல் சொத்தையை எண்ணிப் பாருங்கள். சொத்தை உண்மையானது, இரவெல்லாம் தூங்கவிடாது. ஆனால் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சொத்தையை மட்டும் தனியே எடுத்து வைக்க முடியுமா? இருக்க வேண்டிய இடத்தில் பல் இல்லாமல் போனதற்குத்தான் சொத்தை என்று பெயர். இதைத்தான் பழங்காலத் திருச்சபையின் பெரும் ஆசிரியரான அகுஸ்தீனார் தீமை என்பது நன்மையின் இன்மை என்று விளக்கினார். வெறும் இல்லாமை போதாது, இருக்க வேண்டியது இல்லாமல் போக வேண்டும். கல்லுக்குப் பார்வை இல்லை என்பதற்காக அதைக் குருடு என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே பிசாசுக்குள் தீமை என்றொரு பொருள் வெளியிலிருந்து புகவில்லை. அவனுடைய அறிவும் ஆற்றலும் இன்றும் கடவுள் கொடுத்த நல்ல பொருள்களே. அவனுடைய விருப்பத்தில் இருக்க வேண்டிய ஓர் ஒழுங்குதான் இல்லாமல் போயிற்று.

## கடவுளை நேரில் கண்டவர் மறுப்பாரா?

என் மாணவியின் கேள்விக்கு இந்த இடம்தான் மிக நெருக்கமானது. மோட்சத்தில் இருந்தவனுக்கு என்ன குறைச்சல் என்றால், அவன் மோட்சத்தின் முழு நிறைவை இன்னும் அடைந்திருக்கவில்லை என்பதே மேற்கத்திய மரபின் பதில். கடவுளை உள்ளபடியே நேருக்கு நேர் காண்பதைப் பேரின்பக் காட்சி என்கிறார்கள். அதை அடைந்தவர் பாவம் செய்ய முடியாது. எல்லா நன்மைக்கும் ஊற்றானவரைக் கண்ட பின் வேறொன்றை மேலாக விரும்ப அவருக்குக் காரணமே இருக்காது. தூதர்கள் அந்தக் காட்சியோடு படைக்கப்படவில்லை, அதற்கு அழைக்கப்பட்டவர்களாகவே படைக்கப்பட்டார்கள் என்கிறார் தோமா.

அழைப்பு என்றால் அதற்கு மறுமொழி உண்டு. திருமணத் திருப்பலியில் குருவானவர் மணமக்களைப் பார்த்து, வற்புறுத்தல் எதுவுமின்றி முழு மனச்சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். மேளம் தயாராக இருக்கிறது, பிரியாணி வெந்துகொண்டிருக்கிறது, ஊரே கூடி நிற்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. கட்டாயத்தின் பேரில் வரும் 'ஆம்' திருச்சபையின் பார்வையில் திருமணத்தை உண்டாக்காது. மனச்சுதந்திரம் என்பது ஏற்கவும் மறுக்கவும் விருப்பத்துக்கு உள்ள ஆற்றல். தூதர்களிடமும் கடவுள் அன்பைத்தான் கேட்டார். மறுக்கவே முடியாத அன்பைக் கேட்பதற்கு அவர் பாடும் கிளிகளைப் படைத்திருந்தால் போதும்.

சுருக்கமாக, தூதருக்கு உடலின் இழுப்பு இல்லை, தீமை வெளியிலிருந்து வரவில்லை, இறுதி நிறைவு இன்னும் கிட்டவில்லை, ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தது. இந்த நிலையில் மறுத்தவன் எதை விரும்பினான்?

## அவன் விரும்பியது அரியணையா?

கடவுளின் சிங்காசனத்தைப் பிடிக்கப் படை திரட்டினான் என்ற காட்சி ஓவியங்களாலும் காவியங்களாலும் நம் மனத்தில் பதிந்துவிட்டது. தோமா அதைக் கடுமையாகச் சோதிக்கிறார். படைக்கப்பட்ட ஒருவர் படைத்தவராக மாற முடியாது என்பது சாதாரண அறிவுக்கே எட்டும்; நம்மைவிடப் பன்மடங்கு கூர்மையான அறிவு படைத்தவன், முடியவே முடியாது என்று தெரிந்த ஒன்றை எப்படிக் குறியாக வைப்பான்? அவன் கடவுளைப் போல் இருக்க விரும்பியது வேறு வகையில் என்கிறார் அவர். இறுதி இன்பத்தைக் கடவுளின் கொடையாகப் பெறாமல், தன் இயல்பின் வலிமையாலேயே அடைய விரும்பினான். தானே தனக்குப் போதும் என்ற நிலை கடவுளுக்கு மட்டும் உரியது. அதைத்தான் அவன் விரும்பினான்.

இதை நாம் நன்றாகவே புரிந்துகொள்வோம் என்று நினைக்கிறேன். ஏற்பது இகழ்ச்சி என்று அரிச்சுவடியோடு படித்து வளர்ந்தவர்கள் நாம். கல்யாணத்துக்கு வந்த மொய்யை நோட்டில் எழுதி வைத்து, ஒரு ரூபாயாவது கூட்டித் திருப்பிச் செய்தால்தான் நமக்கு நிம்மதி. மனிதருக்குள் அது தன்மானம், நல்லதும்கூட. ஆனால் இருப்பையே கொடையாகப் பெற்ற ஒருவர், தன்னைப் படைத்தவரிடம் எந்த நோட்டை வைத்துக்கொண்டு கணக்குத் தீர்ப்பார்? "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று கொரிந்தியரைப் பவுல் கேட்ட கேள்வி தூதருக்கும் அப்படியே பொருந்தும். நிலவின் ஒளி சூரியனுடையது. நிலவுக்கு மனம் இருந்து, இந்த ஒளி என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று சூரியனுக்கு முதுகு காட்ட முடிந்தால், அதற்கு மிஞ்சுவது இருட்டு. யாரும் அதன் ஒளியைப் பிடுங்க வேண்டியதில்லை.

எனவே எதிர்த்தல் என்ற சொல்லை நாம் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். வாள் சுழற்றுவது பின்னால் வந்தது. முதலில் நிகழ்ந்தது வாங்கிக்கொள்ள மறுத்தல்.

## நல்லதை விரும்புவது எப்படிப் பாவமாகும்?

இன்பத்தை விரும்புவது தவறா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பதினோராம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் இதற்கென்றே பிசாசின் வீழ்ச்சியைப் பற்றி ஓர் உரையாடல் எழுதினார். அறிவுள்ள படைப்புக்குள் இரண்டு நாட்டங்கள் உண்டு என்பது அவருடைய விளக்கம்: தனக்கு நலமானதை நாடுவது ஒன்று, நீதியானதை நாடுவது மற்றொன்று.

அம்மா அக்காவின் கையில் முறுக்குத் தட்டைக் கொடுத்து, தம்பிக்கும் கொடுத்துச் சாப்பிடு என்கிறாள். முறுக்கின் மேல் ஆசைப்படுவது அக்காவின் தவறு அல்ல. முறுக்கு நல்லது, பசி இயல்பு. தட்டில் எல்லாவற்றையும் ஒரு பூனை தின்றிருந்தால் அதைப் பாவி என்று நாம் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பூனைக்கு முதல் நாட்டம் மட்டுமே உண்டு. அக்காவுக்குள் 'எனக்கு வேண்டும்' என்பதோடு 'பங்கிட வேண்டும்' என்பதும் இருக்கிறது. இரண்டாவதைத் தெரிந்தே கைவிட்டு முதலாவதை மட்டும் பற்றிக்கொள்ளும் கணத்தில்தான் தவறு பிறக்கிறது. விழுந்த தூதனும் நல்லது ஒன்றைத்தான் விரும்பினான். கடவுள் வகுத்த முறைக்கு வெளியே, வேளைக்கு முன்னே, தன் உரிமையாக விரும்பினான். தீமையின் மேல் ஆசை கொண்டு யாரும் கெட்டதில்லை என்பதை இவ்வளவு எளிமையாக எடுத்துச் சொன்னவர் வேறு யாரையும் நான் வாசித்ததில்லை.

## மனிதன் மேல் பொறாமையா?

ஆணவத்துக்குப் பதிலாகப் பொறாமையைக் காரணமாகக் காட்டும் மரபும் பழமையானது. அலகையின், அதாவது பிசாசின், பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்கிறது கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம். மண்ணால் ஆன மனிதனுக்குக் கடவுளின் சாயல் கிடைத்ததைத் தூதனால் பொறுக்க முடியவில்லை என்று தொடக்ககாலத் திருச்சபையின் ஆசிரியர்களான இரேனேயுவும் சிப்ரியானும் எழுதினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சுவாரெஸ் என்ற சேசு சபைக் குரு இதை இன்னும் ஆழப்படுத்தினார்: கடவுளின் மகன் மனிதராகப் பிறப்பார் என்பது தூதர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, ஆவியாகிய தன் இயல்பை விட்டுவிட்டு அந்த மாண்பு மனித இயல்புக்குப் போவதை லூசிபர் ஏற்கவில்லை என்றார். இது ஒரு கருத்துதான், திருச்சபையின் கோட்பாடு அல்ல. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த கருத்து. பெத்லகேம் தொழுவத்துக்கு முன்னால் முழந்தாளிட மறுத்தவன் என்று அவனை எண்ணிப் பார்க்கும்போது மிக்கேலின் பெயருக்கு உள்ள பொருளும், 'கடவுளுக்கு நிகர் யார்?' என்ற அந்தக் கேள்வியும், இன்னும் கனக்கிறது.

அகுஸ்தீனார் இங்கே ஒரு வரிசையை வற்புறுத்துகிறார். தன் உயர்வின் மேல் அளவு கடந்த பற்று இருந்தால்தான் இன்னொருவரின் உயர்வு உறுத்தும். ஆகவே பொறாமை ஆணவத்தின் பிள்ளை, தாய் அல்ல.

## ஏன் மனந்திரும்பவில்லை?

நாம் ஒன்றைத் தீர்மானித்துவிட்டுப் பின்பு வருந்துவது, முதலில் தெரியாத ஏதோ ஒன்று பிறகு தெரியவருவதாலும், கோபமோ ஆசையோ தணிந்துவிடுவதாலும்தான். கோபத்தில் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர் பத்து ஆண்டு கழித்து அம்மாவின் அடக்கத்தன்று அவன் தோளைப் பற்றிக்கொண்டு அழுகிறார். காலமும் உடலும் நம்மை இளக்குகின்றன. தூதரோ தேர்ந்துகொள்ளும்போதே அறிய வேண்டியதை முழுவதும் அறிந்து, முழு மனத்தோடு தேர்ந்துகொள்கிறார்; பிறகு தணிவதற்கு எதுவும் இல்லை. மனிதருக்கு மரணம் எப்படியோ, தூதருக்கு வீழ்ச்சி அப்படி என்றார் எட்டாம் நூற்றாண்டின் தமஸ்கு நகர யோவான். கடவுளின் இரக்கம் குறைந்ததால் அல்ல, அவர்களுடைய தேர்வின் இயல்பால்தான் மன்னிப்பு அவர்களை எட்டவில்லை என்பதே இதன் பொருள். ஓரிஜனின் சிந்தனையில் எல்லா ஆவிகளும் ஒருநாள் திரும்பிவரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அவர் பெயரோடு இணைந்த அந்தப் போதனை ஆறாம் நூற்றாண்டில் கண்டனம் பெற்றது.

## கடைசி 'ஏன்'

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். ஒரே இயல்பு, ஒரே அறிவு, ஒரே அழைப்பு. மிக்கேல் ஏற்க, இன்னொருவன் ஏன் மறுத்தான்? மறுக்க முடிந்தது என்பதற்கு மனச்சுதந்திரம் காரணமாகலாம். மறுத்தான் என்பதற்கு?

இதைத் துணிவோடு எதிர்கொண்டவர் அகுஸ்தீனார். தீய விருப்பத்தை உண்டாக்கிய காரணத்தைத் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வதைப் போன்றது என்றார். சொத்தையைச் செய்த பொருள் எது என்று பல்லுக்குள் தேடினால் குழிதான் கிடைக்கும். விழுந்த தூதனின் விருப்பத்தைத் தள்ளிவிட்ட இன்னொரு காரணம் அவனுக்குப் பின்னால் இருந்திருந்தால், குற்றம் அந்தக் காரணத்துடையதாகும், அவனுடையதாகாது. கடைசியில் அது படைத்தவரிடமே போய் நிற்கும்.

காத்தார்களின் இரு மூலக் கொள்கைக்கு மறுப்பாக 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்ற ஆயர்களின் மாநாடு இதை ஒரே வாக்கியத்தில் அடக்கியது: பிசாசும் மற்றத் தீய ஆவிகளும் கடவுளால் இயல்பிலேயே நல்லவர்களாகப் படைக்கப்பட்டார்கள், தாங்களாகவே தீயவர்களானார்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் அதையே எடுத்தாள்கிறது. அந்தத் 'தாங்களாகவே' என்ற சொல்லுக்கு அப்பால் இரண்டு ஏடுகளும் போகவில்லை. மறுவாரம் வகுப்பில் அந்தச் சிறுமியிடம் நானும் அதுவரைதான் சொன்னேன்.